வாங் பர்மா போகிறவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்

பினாங்கு மலைகளில் ஏறிப் பழகியவர்கள் மலேசியாவின் வடகோடி பெர்லிஸ் மாநிலச் சுண்ணாம்புக் காட்டுக்குப் போவதென்றால் ஒரு விஷயத்தைப் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டும். அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நம் தீவு மலைகள் கருங்கல். தண்ணீர்மலையாகட்டும், புக்கிட் பெண்டேராவாகட்டும், மழை பெய்தால் ஓடையில் சத்தம் கேட்கும், பாதையில் வழியும், எங்கே வழுக்கும் எங்கே வெள்ளம் வரும் என்று சின்னப் பிள்ளைகூட சொல்லிவிடும். தண்ணீர்மலை முருகனுக்கு 500-க்கு மேல் படி ஏறி இறங்குகிற கால் இருக்கிறது, அப்புறம் என்ன என்று கிளம்புகிறவர்களை எங்கள் பட்டர்வொர்த் கோஷ்டியிலேயே பார்த்திருக்கிறேன். கால் பலம் அங்கே இரண்டாம்பட்சம்தான்.

நான் சொல்வது வாங் பர்மா குகையை. பெர்லிஸ் மாநிலப் பூங்காவுக்குள், தாய்லாந்து எல்லையை ஒட்டிய வாங் கெலியான் பக்கம் இருக்கிறது. பேரைக் கேட்டதும் எங்கள் மாமா, "பர்மா ரோட்டுக்குப் போறதுக்கு எதுக்குடா ஹெல்மெட்டும் லைட்டும்?" என்று கேட்டார், அவருக்குத் தெரிந்த பர்மா ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. மலாயில் வாங் என்றால் காசு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வட்டாரத்தில் நாலு பக்கமும் சுண்ணாம்பு மலை சூழ்ந்து அடைபட்டுக் கிடக்கிற பள்ளத்தைத்தான் வாங் என்கிறார்கள். வாங் கெலியான், வாங் தங்கா, வாங் மூ, எல்லை தாண்டினால் வாங் பிரச்சான் என்று ஊர்ப் பேர்கள் வரிசையாக வருகின்றன. எல்லாமே காட்டுக்குள் இருக்கும் பள்ளங்கள், அவற்றின் ஓரங்களில் குகைகள்.

அந்தப் பள்ளம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நக்காவான் மலைத்தொடர் பழைய கடலடிச் சுண்ணாம்பு, 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. லங்காவியிலும் தாய்லாந்தின் சத்துன் மாநிலத்திலும் இதே பாறைதான், அந்தப் பாறை அடுக்குக்கு செத்துல் என்று பேர் வந்ததே சத்துனால்தான். மழைத் தண்ணீர் காற்றிலும் இலைச் சருகிலும் இருக்கும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறி இறங்கும். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், பிளவு பெரிதாகும், பிளவு குகையாகும், சில இடத்தில் கூரை இடிந்து விழுந்து பள்ளம் திறந்துகொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள், நாலு பக்கமும் மலை, நடுவில் பள்ளம், வெளியே ஓடிப்போக ஆற்றுவாய் கிடையாது. பள்ளத்தில் விழுகிற தண்ணீர் எல்லாம் எங்கே போகும்? குகை வழியாகத்தான் போகும். வீட்டுக் குளியலறையில் தண்ணீர் முழுக்க மூலையில் இருக்கிற ஒரே துவாரத்துக்குப் போவதுபோல. நாம் டிக்கெட் எடுத்து, ஹெல்மெட் மாட்டி, ஆசை ஆசையாக நுழைவது அந்தத் துவாரத்துக்குள்ளேதான்.

இதை எனக்குப் புரியவைத்தது அங்கே வழிகாட்டியாக வந்த ஒரு மலாய்க்காரர், நாங்கள் பாங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டோம். குகைக்குள் கொஞ்ச தூரம் போனதும், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, லைட்டை மேலே திருப்பி ஒரு இடத்தைக் காட்டினார். தலைக்கு மேலே, கையை நீட்டினால்கூட எட்டாத உயரத்தில் பாறை இடுக்கு ஒன்று. அதில் காய்ந்த மூங்கில் இலைகள், விரல் கனத்தில் ஒரு குச்சி, மங்கிப்போன பச்சை நிறத்தில் மைலோ பாக்கெட் ஒன்று. யாரும் ஏறி வைத்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. "இது வரைக்கும் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அதுவரை மச்சான் மச்சான் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்த பையன்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சுண்ணாம்புக் குகைக்குள் போனால் முதலில் நீங்களும் கூரையைப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்து உண்டான கல்பூக்களைப் பார்க்க அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது. இலை, குச்சி, சேறு எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள், அந்த இலை பச்சையா காய்ந்ததா என்று பாருங்கள்.

இன்னொரு வேலையும் அவர் செய்தார். தண்ணீர் ஓரத்தில், விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் கல்லை வைத்தார். நாங்கள் உள்ளே ஒரு அறையில் பிஸ்கட் தின்றுவிட்டுத் திரும்பியபோது அந்தக் கல் அப்படியே ஓரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது, சரி என்று மேற்கொண்டு போனோம். கல் முழுகியிருந்தால் திரும்பிவிடுவாராம், அதற்கு மேல் பேச்சே இல்லை. தண்ணீரின் நிறத்தையும் அடிக்கடி பார்த்துக்கொண்டார். தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கி தே தாரிக் பால்தேநீர் நிறத்துக்கு மாறினால், இலையும் நுரையும் மிதந்து வந்தால், காற்றுச் சத்தம் மாறினால், மேலே எங்கோ மழை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குகைக்குள் இருக்கிறவனுக்கு வானம் தெரியாது. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கலாம், அந்தத் தண்ணீரும் இதே வழியாகத்தான் வரும்.

போகிறேன் என்றதும் அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "அந்தத் தாய்லாந்துப் பிள்ளைங்க மாதிரி மாட்டிக்கப் போறியா?" 2018-இல் சியாங் ராய் பக்கம் தாம் லுவாங் குகையில் 12 பையன்களும் அவர்களின் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டதைத்தான் சொன்னார். அந்த வாரங்களில் எல்லார் வீட்டுத் தொலைக்காட்சியிலும் அதேதான் ஓடியது. அவர்கள் நுழைந்தது ஜூன் 23, மழைக்காலம் தொடங்குகிற நேரம். அத்தை பயந்ததில் தப்பே இல்லை. அவ்வளவு தூரம் போகவேண்டாம், 2019 ஜூலையில் நம் சரவாக்கில், முலுவின் மான் குகையில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சுற்றுப்பயணியும் கூடப் போன வழிகாட்டியும் இறந்துபோனார்கள். வழி தெரிந்தவரையே அடித்துக்கொண்டு போகிற தண்ணீர் அது. அத்தையிடம் நான் வாதாடவில்லை. எந்த மாதத்தில் போகிறோம், யாரோடு போகிறோம், மழை என்றால் உள்ளே நுழையவே மாட்டோம் என்று விளக்கினேன். சம்மதம் என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்.

மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெர்லிஸ் இந்த நாட்டில் மழை குறைந்த மூலை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காய்கிறது, சில மரங்கள் இலையைக்கூட உதிர்த்துவிடும், காலடியில் சருகு நொறுங்கும். தைப்பூசம் முடிந்து காவடிக் காலெல்லாம் ஆறின பிறகு போவது எங்களுக்குத் தோது. ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழை பிடித்துக்கொள்ளும், செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கேட்கவே வேண்டாம். தீபாவளி விடுமுறைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், பெர்லிஸ் தலைநகர் கங்காருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், குகை வேண்டாம். ஹாருமானிஸ் மாம்பழம் ஏப்ரலுக்குப் பிறகுதான் சந்தைக்கு வருகிறது, அதனால் மாம்பழத்தையும் காய்ந்த குகையையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது கஷ்டம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

காய்ந்த மாதத்திலும் முதல் நாள் இரவு மழை பெய்ததா என்று பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வாங் பர்மாவுக்குள் தனியாகப் போகக்கூடாது, அனுமதியும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்துகொண்டு போவதுதான் முறை. எப்படியும் போன் பேசத்தான் போகிறீர்கள், இதையும் சேர்த்துக் கேட்டால் போச்சு. காலையிலேயே நுழைந்து மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள், நம் பக்கத்து இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். எங்கள் கோஷ்டியில் ஒரு தடவை மலையடிவார ஊரான காக்கி புக்கிட் வரை போய்விட்டு, மலைமேல் கருமேகத்தைப் பார்த்து வழிகாட்டி இன்றைக்கு வேண்டாம் என்றார். பட்டர்வொர்த்திலிருந்து இரண்டரை மணி நேரம் காடி (கார்) ஓட்டி வந்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். இரண்டரை மணி நேரம் ஓட்டியாச்சே என்ற எண்ணம்தான் ஆட்களைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

அப்புறம் சாமான்கள். லைட் ஆளுக்கு குறைந்தது இரண்டு, மூன்று இருந்தால் நிம்மதி. ஒன்று ஹெல்மெட்டில், ஒன்று கழுத்திலோ இடுப்பிலோ, மாற்று பேட்டரி பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தது. "மச்சான், ஹேண்ட்போன் லைட் இருக்கேடா" என்று ஒரு நண்பன் வந்தான். கையில் ஹேண்ட்போனைப் பிடித்துக்கொண்டு எப்படி ஊர்ந்து போவாய், பாறையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே? அவன் போன் வழியிலேயே தண்ணீர் குடித்து அடங்கிப்போனது, மிச்ச தூரம் முழுக்க எனக்கும் பின்னால் வந்த பெண்ணுக்கும் நடுவில் எங்கள் வெளிச்சத்தில் நடந்தான். காலுக்கு விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து வேண்டாம், தண்ணீர் ஏறினால் ஈயக்கட்டி மாதிரி கனக்கும். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் ரப்பர் சப்பாத்து, கம்போங் அடிடாஸ் என்போமே, அதுதான் ராஜா. அடியில் முள் முள்ளாக இருப்பதால் களிமண்ணில் பிடிக்கும், தண்ணீர் நிற்காது, கிழிந்தாலும் மனசு வலிக்காது. அளவு மட்டும் காலுறை போட்டுப் பார்த்து வாங்குங்கள். அட்டை கடிக்காமல் இருக்கவும் நீளக் காலுறை நல்லது. கைக்கு ஒரு ஜோடி மலிவுக் கையுறை கட்டாயம் வேண்டும், சுண்ணாம்பு முனை கத்தி மாதிரி கிழிக்கும்.

உள்ளே ஊர்ந்து போகிற இடங்கள் உண்டு. எங்கள் கூட வந்த ஒருவருக்கு, ஆள் நல்ல திடகாத்திரம், ஒரு குறுகலான இடத்துக்கு முன்னால் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கிண்டல் பண்ண வாயெடுத்த பையன்களை வழிகாட்டி ஒரு பார்வையில் அடக்கினார். அந்த இடத்திலேயே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார். வேண்டாம் என்றார் அவர். சரி என்று எல்லாருமே திரும்பினோம். ஒரே வழிகாட்டி இருக்கும்போது ஒருவரை மட்டும் தனியாக வெளியே அனுப்பவும் முடியாது, அங்கேயே விட்டுவிட்டுப் போகவும் கூடாது. அதனால் ஆள் சேர்க்கும்போதே இதைப் பேசிக்கொள்ளுங்கள், ஒருத்தர் திரும்பினால் எல்லாரும் திரும்புகிறோம், யாரும் முகத்தைத் தூக்கக்கூடாது என்று. இரண்டு வழிகாட்டி கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, காசு கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு படிந்து வளர்கிற தூண்களையும் தொங்கல்களையும் தொடவேண்டாம். கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பு ஒழுங்காகப் படியாது, கறுத்துப்போய் நிற்கும். வௌவால் கூட்டத்துக்கு நேரே லைட் அடிக்கவேண்டாம், கத்தவேண்டாம். பாலிக் புலாவ் டுரியானுக்கு வரிசையில் நிற்கிற நமக்கு வௌவால் மேல் கொஞ்சம் நன்றி இருக்கவேண்டும், டுரியான் பூ ராத்திரியில் மலர்கிறது, குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள்தான் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. ஆனால் அதன் எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கிற இடத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, நான் பேசியாக வேண்டும். எலி மட்டுமில்லை, மற்ற விலங்குகளின் சிறுநீரும் கலந்த தண்ணீர், சேறு வழியாக, தோல் கீறலில் புகுந்துவிடும். எங்களில் ஒருவருக்குக் குகைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு கிளினிக்கில் டெங்கியாக இருக்கும் என்று ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள், எங்கேயாவது போனீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை, குகைக் கதையைச் சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டு நடக்கமுடியாமல் போனதும், கண் சிவந்ததும்தான் வேறு மருத்துவமனைக்கு ஓடினோம். இப்போது நன்றாக இருக்கிறார். கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போடுங்கள், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம், முகமும் கழுவவேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் வார்த்தையாக "குகைத் தண்ணீரில் நடந்தேன்" என்று சொல்லுங்கள்.

எல்லை ஓரம் என்பதால் வேறு சில விசித்திரங்களும் உண்டு. ஹேண்ட்போன் தாய்லாந்து கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். பில் ஏறுவதுகூடப் பரவாயில்லை, மணி ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். மாலை ஐந்து என்று நீங்கள் நினைப்பது இங்கே ஆறு. பள்ளத்துக்குள் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும், மரங்களுக்குக் கீழே ஆறரைக்கே இருட்டு. கையில் சாதாரணக் கடிகாரம் கட்டுங்கள், போனில் தானாக நேரம் மாறுவதையும் ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள். எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வருவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கும் பூங்கா அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டுப் போங்கள், மணி தாண்டினால் 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஐசி, அதாவது அடையாள அட்டை, எல்லாரிடமும் இருக்கட்டும். பாதையை விட்டு விலகவேண்டாம், படம் எடுக்கக்கூட. 2015 மே மாதம் இந்த வாங் கெலியான் காட்டு மலைகளில்தான் ஆள் கடத்தல் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காகப் பெர்மிட் இல்லாமல் எல்லையில் அங்கேயும் இங்கேயும் நடந்துபோன பினாங்குக்காரர்கள் நிறைய, அதெல்லாம் அப்போதே நிறுத்தியாகிவிட்டது. பாதுகாப்புப் படையினர் நிறுத்திக் கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள், அவர்கள் வேலை அது.

பிள்ளைகள், பெரியவர்கள், அத்தை மாதிரி சந்தேகப் பிராணிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றால் வாங் பர்மாவை விட்டுவிடுங்கள். மலைக்கு இந்தப் பக்கம் காக்கி புக்கிட்டில் குவா கெலாம் இருக்கிறது. 370 மீட்டர் நீளம், உள்ளே நடைபாதையும் விளக்கும் போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே ஓடை ஓடுகிறது. இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வந்தால் வாங் தங்கா பள்ளம். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம், இருந்தது, தோண்டிய ஈயத்தை வெளியே கொண்டுவர இந்தக் குகைதான் வழி. பள்ளத்திலிருந்து தண்ணீருக்கு இருந்த அதே வாசலை மனிதர்களும் பயன்படுத்திக்கொண்டார்கள். அத்தையைக் கடைசியில் அங்கேதான் கூட்டிப்போனோம். கைப்பிடியை விடாமல் முழுக்க நடந்தார், வெளியே வந்து சுற்றிலும் மலையைப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா இவ்வளவு தண்ணியும் நாம வந்த ஓட்டைக்குள்ளதான் போவுமா?" என்று கேட்டார். நான் இத்தனை பத்தி எழுதிச் சொன்னதை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

அந்தப் பள்ளத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் குட்டை வால் குரங்கைப் பார்க்கலாம், பெரூக் கெந்தோய் என்பார்கள், சிவந்த முகம், வால் இருக்கிறதா என்று தேடவேண்டும். மலேசியாவில் பெர்லிஸில் மட்டும்தான் இருக்கிறது. சாப்பாடு போடவேண்டாம், நம் தாவரவியல் பூங்காக் குரங்குகளைக் கெடுத்தது போதும்.

ரயிலில் போகலாமா என்று சிலர் கேட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை கொம்யூட்டர் ஓடுகிறது, டிக்கெட்டும் மலிவு. ஆனால் குகைகள் அங்கிருந்து மலைப்பக்கம் தள்ளி இருக்கின்றன, அதற்கு மேல் காடி வேண்டும், முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் ஸ்டேஷனில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நாங்கள் சங்லுனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கங்கார், பெசெரி வழியாகப் போகிறோம். காக்கி புக்கிட்டுக்கு மேல் வாங் கெலியான் ஏறும் மலைச்சாலை ஒரே வளைவு, வாந்தி வருகிறவர்களை முன்சீட்டில் உட்காரவையுங்கள். பெட்ரோல் கங்காரிலேயே போட்டுவிடுங்கள், மாற்றுத் துணியும் சப்பாத்தைக் கட்டிப்போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பையும் காடியிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்தக் குகைச் சேற்று நாற்றம் சீட்டை விட்டுப் போக ரொம்ப நாளாகும்.